என்ஜின் எண்ணெயை அளந்தறியும் முறை

சங்கத்திலிருந்து பாவும் நூலும் வாங்கி வருவதற்கும், நெய்த துணியைத் திரும்பக் கொண்டுபோய்க் கொடுப்பதற்கும், பால் கேன்களைக் கொள்முதல் நிலையத்தில் சேர்ப்பதற்கும், காய்கறியைச் சந்தைக்கு எடுத்துச் செல்வதற்கும் நம் அங்கத்தினரில் பலர் இன்று சிறு மோட்டார் வாகனங்களையே நம்பியிருக்கின்றனர். தறியும் ஏரும் போல இதுவும் ஒரு தொழிற் கருவியே. இது நின்றுவிட்டால் அன்றைய வரும்படியும் நின்றுவிடும்.

இவ்வாகனத்தின் என்ஜினுக்குள் இருக்கும் எண்ணெய் ஏறத்தாழ ஒரு லிட்டர். பல வண்டிகளில் அதற்கும் குறைவு. இத்தனை சிறிய இருப்பில் சிறிது குறைந்தாலும் பாதிப்பு விரைவில் வரும். அவ்விருப்பை அளந்து பார்க்கப் பணச் செலவு இல்லை. பத்து நிமிஷம் போதும். ஆனால் முறை தவறி அளப்பவர், இருப்பது போதாதென்று மேலும் ஊற்றிக் கெடுக்கக்கூடும். அல்லது குறைந்திருப்பதை நிறைந்திருப்பதாக எண்ணி ஏமாறவும்கூடும். ஆகவே முறையை அறிவது முதற் கடமையாகும்.

பழைய வண்டியும் புதிய வண்டியும்

1980ஆம் ஆண்டில் வெளிவந்த டி.வி.எஸ். 50 போன்ற வண்டிகள் டூ ஸ்ட்ரோக் என்ஜினைக் கொண்டவை. அவற்றில் பெட்ரோலுடன் எண்ணெயைக் கலந்தே ஊற்றினோம். இரண்டும் சேர்ந்தே எரிந்தன. பெட்ரோல் போடும்போதெல்லாம் புதிய எண்ணெயும் உள்ளே சென்றது.

1994இல் வந்த ஸ்ப்ளெண்டரும், 2015இல் வந்த எக்ஸ்.எல். 100 வண்டியும் ஃபோர் ஸ்ட்ரோக் இனத்தைச் சேர்ந்தவை. இவற்றில் எண்ணெய் தனியே என்ஜினின் அடிப்பாகத்தில் தங்கி, மேலே சென்று திரும்பவும் கீழே வந்து சேரும். பெட்ரோல் தொட்டியை எத்தனை முறை நிரப்பினாலும் இவ்வெண்ணெயில் ஒரு துளியும் கூடாது. பழைய வண்டியை விட்டுப் புதியதற்கு மாறிய அங்கத்தினர் இந்த வேற்றுமையை நன்கு மனத்தில் இருத்த வேண்டும்.

எண்ணெய் செய்யும் வேலை

உராய்வைக் குறைத்தல், சூட்டை வாங்கி வெளிப்புறத்துக்குக் கடத்துதல், கரியையும் நுண்ணிய உலோகத் துகளையும் அடித்துச் செல்லுதல், பிஸ்டன் வளையங்களின் இடைவெளியை அடைத்தல் ஆகிய நான்கும் இதன் வேலைகள். கியர் உள்ள சிறு மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலும் கியர்களும் கிளட்சும் இதே எண்ணெயில்தான் நனைந்திருக்கின்றன. எனவே மோட்டார் காருக்கு உரிய எண்ணெயை இதில் ஊற்றலாகாது; அவற்றுள் சில கிளட்சை வழுக்கச் செய்யும். கைப்புத்தகத்தில் குறித்த தரத்தையே வாங்குக. கிளட்சு நனைந்து இயங்கும் வண்டிக்கு உரிய எண்ணெயின் டப்பாவில் ‘ஜாசோ எம்.ஏ.’ என்னும் குறி இருக்கும்.

அளக்கும் முறை

1. வண்டியைச் சமதரையில் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துக. சென்டர் ஸ்டாண்டு இல்லையேல் மற்றொருவரைக் கொண்டு நேராகப் பிடிக்கச் செய்க.

2. என்ஜினை மூன்று முதல் ஐந்து நிமிஷம் வரை நிதானமாக ஓடவிட்டு நிறுத்துக.

3. இரண்டு மூன்று நிமிஷம் காத்திருக்க. மேலே சென்ற எண்ணெய் அதற்குள் கீழே இறங்கிவிடும்.

4. மெக்கானிக்குகள் டிப்ஸ்டிக் என்று கூறும் அளவுக்கோலைச் சுற்றியுள்ள மண்ணைத் துடைத்த பின்னர் அதைத் திருகி எடுக்க. என்ஜினும் புகைக்குழாயும் சூடாக இருக்கும். கை படாமல் பார்த்துக்கொள்க.

5. கோலைப் பஞ்சு ஒட்டாத சுத்தமான துணியால் துடைத்து மீண்டும் உள்ளே வைக்க. ஸ்ப்ளெண்டர் முதலிய பல வண்டிகளில் இப்போது மரையைத் திருகக் கூடாது. கோல் தானாக அமர்ந்த அளவே போதும். சில வண்டிகளுக்கு இம்முறை மாறுபடலாம். கைப்புத்தகத்தைப் பார்த்து உறுதி செய்க.

6. வெளியே எடுத்துப் பார்க்க. கோலில் மேல்குறி, கீழ்க்குறி என இரண்டு இருக்கும். எண்ணெயின் ஈரம் இவ்விரண்டுக்கும் இடையே இருத்தல் வேண்டும். கீழ்க்குறியை நெருங்கியிருந்தால் சிறிது சிறிதாக ஊற்றி, ஒவ்வொரு முறையும் சற்றுப் பொறுத்து அளந்து, மேல்குறியைத் தாண்டாமல் நிறுத்துக. பின்னர் கோலை முற்றிலும் திருகி மூடுக.

கோலுக்குப் பதிலாகக் கண்ணாடிச் சாளரம் உள்ள வண்டிகளிலும் நேராக நிறுத்துவதும் காத்திருப்பதும் அவசியமே.

பொய்யளவு எவ்வாறு நேர்கிறது?

பால் சங்கத்து லாக்டோமீட்டர் குறிப்பிட்ட வெப்ப நிலைக்கென்று கோடிடப்பட்டது. பால் அதனினும் சூடாக இருந்தால் அது காட்டும் எண்ணை அப்படியே ஏற்கலாகாது. டிப்ஸ்டிக்கும் அத்தகையதே. எந்த நிலையில் அளப்பதற்கென்று அதன் குறிகள் இடப்பட்டனவோ, அந்த நிலையில் மட்டுமே அது மெய் சொல்லும்.

சைடு ஸ்டாண்டில் வண்டி இடப்புறம் சாய்கிறது. எண்ணெயும் அப்பக்கம் ஒதுங்குகிறது. பல வண்டிகளில் கோல் வலப்புறம் உள்ளது. ஆதலால் போதிய எண்ணெய் இருந்தும் குறைவாகவே காட்டும். என்ஜினை நிறுத்திய மறுகணமே பார்த்தாலும் இவ்வாறே; மேலே சென்ற எண்ணெய் இன்னும் இறங்கியிராது. இவ்விரு தவறும் மிகுதியாக ஊற்றச் செய்யும்.

திருகக்கூடாத கோலைத் திருகிப் பார்ப்பது இதற்கு நேர்மாறானது. மரையின் நீளத்துக்குக் கோல் கூடுதலாக ஆழ்ந்து, எண்ணெயில் அதிகமாக நனைகிறது. குறைந்துபோன எண்ணெயும் நிறைந்ததாகத் தோன்றும். மூன்றிலும் இதுவே அபாயம் மிக்கது. பெரும்பாலான சிறு வண்டிகளில் எண்ணெய் குறைவை அறிவிக்கும் விளக்கு இல்லை. கோலும் பொய் சொன்னால் வேறு எச்சரிக்கை ஏது?

குறைவும் மிகுதியும்

எண்ணெய் குறைந்தால் என்ஜினின் தலைப்பகுதியில் சுழலும் கேம் தண்டு உலர்ந்து தேயும், சூடு ஏறும், முற்றினால் பிஸ்டன் இறுகி வண்டி வழியிலேயே நின்றுவிடும். பாரம் ஏற்றிய வண்டிக்கு இத்துன்பம் விரைவில் நேரும். மிகுந்தால், சுழலும் பாகங்கள் எண்ணெயைக் கடைந்து நுரைக்கச் செய்யும். நுரைத்த எண்ணெய் உராய்வைச் சரிவரத் தடுக்காது. அன்றியும் மூச்சுக்குழாய் வழியே காற்று வடிகட்டியை அடைந்து அதை அடைக்கும், சீல்களிலும் கசியும். மிகுதியைக் கண்டால் ஒர்க்ஷாப்பில் அளவாக வடித்துவிடுக.

கோல் தரும் மற்றச் செய்திகள்

எண்ணெய் கறுத்திருப்பது ஒன்றே கேடன்று. அழுக்கைத் தாங்கியிருப்பதன் அடையாளம் அது. பால்போல் வெளுத்திருந்தால் நீர் கலந்துள்ளது; வெள்ளத்தில் இறங்கிய வண்டியில் இதைக் காணலாம். ஊற்றாமலே அளவு உயர்ந்து பெட்ரோல் வாடை வீசினால், கார்புரேட்டர் உள்ள வண்டியில் பெட்ரோல் என்ஜினுக்குள் கசிகிறது எனக் கொள்க. உலோகப் பொடி மின்னினால் உட்பாகம் தேய்கிறது. பின்னுள்ள மூன்றிலும் வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கிடம் காட்டுவதே விவேகம்.

பதினைந்து நாளுக்கு ஒரு முறையும், தூரப் பயணத்துக்கு முன்னும் அளந்து பார்க்க. தேதியையும் ஊற்றிய அளவையும் ஒரு சிறு நோட்டில் எழுதி வந்தால், வண்டி எண்ணெயை வழக்கத்தைவிட அதிகமாகக் குடிக்கிறதா என்பது விளங்கும். அவ்வப்போது ஊற்றி வந்தாலும், குறித்த கிலோமீட்டர் ஆனதும் முழு எண்ணெயையும் மாற்றியே ஆக வேண்டும். கழிவெண்ணெயை வாய்க்காலிலோ கிணற்றோரத்திலோ கொட்டலாகாது. மண்ணும் நீரும் கெடும். மூடிய டப்பாவில் ஒர்க்ஷாப்பில் சேர்ப்பிக்க.

வினாக்கள்

1. பெட்ரோல் தொட்டியை நிரப்பியவர், என்ஜின் எண்ணெயும் நிரம்பிற்று என எண்ணலாமா? காரணம் கூறுக.

2. சைடு ஸ்டாண்டில் அளந்து, குறைவென்று கண்டு எண்ணெய் ஊற்றினால் விளைவு என்ன?

3. திருகக்கூடாத கோலைத் திருகி அளப்பது ஏன் மற்றத் தவறுகளைவிட அபாயமானது?

4. உமது வண்டியின் கைப்புத்தகம் கூறும் எண்ணெயின் தரமும் அளவும் யாவை? பார்த்து எழுதி வைக்க.