பணகுடி மட்டும் தப்பியது



வள்ளியூர்ப் பேருந்து நிலையத்துக்கு வந்துபோகும் வண்டிகளின் நேரங்களைத் தொகுத்து நீ செய்திருக்கும் வலைப்பக்கத்தையும், அதற்கு அடியில் கிடக்கும் நிரலையும் ஒரு வரி விடாமல் வாசித்தேன். ஹெச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ்., ஜாவாஸ்கிரிப்ட் ஆகிய மூன்றிலும் உனக்குப் போதிய பரிச்சயம் ஏற்பட்டுவிட்டது. அவற்றின் அரிச்சுவடியைப் பற்றி நமக்குள் பேச்சு வேண்டாம். ‘அடுத்து எந்தப் பாஷை படிக்கலாம்? பைதானா, பி.எச்.பி.யா, டைப்ஸ்கிரிப்டா, கோவா, ரஸ்ட்டா?’ என்று கேட்டிருக்கிறாய். விடை சொல்லுமுன் என் கோபத்தைத் தீர்த்துக்கொள்ள நீ அனுமதிக்க வேண்டும்.

கைப்பேசியின் குறுகிய திரையில் ஊர்ப்பெயர்கள் அடங்க வேண்டுமே என்று, ஸ்லைஸ் என்னும் கட்டளையைக் கொண்டு ஒவ்வொரு பெயரையும் முதல் ஆறு குறிகளோடு நறுக்கியிருக்கிறாய். அதன் பயனாகத் திருநெல்வேலி ‘திருநெ’ ஆயிற்று. நாகர்கோவில் ‘நாகர்க’ ஆயிற்று. திசையன்விளை புள்ளியையும் பறிகொடுத்து ‘திசையன’ என்று நிற்கிறது. நம் ஊரோ ‘வள்ளிய’. பணகுடி மட்டும் தப்பியது. அதுவும் உன் சாமர்த்தியத்தால் அன்று, அந்தப் பெயர் யூனிகோடு என்னும் எழுத்துக் குறியீட்டில் சரியாக ஆறு குறிகளால் அமைந்திருக்கும் தற்செயலால். வள்ளியூர் என்பதில் எத்தனை எழுத்து என்று ஒன்றாம் வகுப்புக் குழந்தையைக் கேட்டால் ஐந்து என்னும். ஜாவாஸ்கிரிப்ட் ஒன்பது என்கிறது. புள்ளியையும் உயிர்க்குறியையும் அது தனித்தனியே எண்ணுகிறது. யந்திரம் அப்படி எண்ணுவதை நான் குறைகூறவில்லை. திரையில் ‘வள்ளிய’ என்று கண்ட பிறகும் உன் கண்ணை உறுத்தாமல் இருந்ததே, அதைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை.

இரண்டாவது குற்றமும் இதற்கு உடன்பிறப்பே. தேடுவதற்கென்று நீ சேர்த்திருக்கும் தென்மாவட்ட ஊர்ப் பட்டியலில் கல்லிடைக்குறிச்சி, களக்காடு, கழுகுமலை என்று கிரமம் போகிறது. ழகரம் ளகரத்துக்கு முந்தியது என்பது உனக்குத் தெரியாததா? யூனிகோடு அட்டவணையில் ளகரம் முன்னால் உட்கார்ந்திருக்கிறது. சார்ட் என்று வெறுமனே சொன்னால் ஜாவாஸ்கிரிப்ட் அந்த அட்டவணையைத்தான் பின்பற்றும். லோக்கேல்கம்பேர் என்ற ஒரு கட்டளையைத் தேடிப் பிடித்திருந்தால் தமிழின் அகரவரிசை தானாகக் கிடைத்திருக்கும். நறுக்குவதற்கும் அதே பாஷையில் செக்மென்ட்டர் என்று ஒரு கருவி இருக்கிறது. கையில் உள்ள பாஷையின் கடைசி அறை வரை போய்ப் பார்க்காதவன் ஐந்து புதிய பாஷைகளின் வாசற்படியில் நிற்க ஏன் ஆசைப்படுகிறான் என்பது எனக்கு விளங்கவில்லை.

இதில் எனக்கு இத்தனை ஆவேசம் ஏன் என்று நீ நினைக்கலாம். 1990களின் இறுதியில் தமிழில் கணினி வேலை பார்த்தவர்களுக்கு அது புரியும். சென்னையில் ஓர் எழுத்துருவில் தட்டி ஃபிளாப்பியில் கொண்டுவந்த கட்டுரை திருநெல்வேலியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளின் கந்தர்கோளமாகத் தெரியும். அந்த எழுத்துருவையும் கூடவே சுமந்து வந்தால் ஒழிய நம் எழுத்தை நாமே வாசிக்க இயலாது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு விசைப்பலகைக்கும் எழுத்துருவுக்கும் தரம் வகுக்க முயன்றபோது எங்களில் பலருக்கு உண்டான ஆனந்தம் கொஞ்சமல்ல. அதற்கு முன்பே, 1991இல், இஸ்கி என்னும் இந்தியக் குறியீட்டின் வழியைப் பின்பற்றி யூனிகோடு நமக்கு 128 இடங்களை ஒதுக்கியிருந்தது; 247 எழுத்துக்கும் தனித்தனி இடம் வேண்டும் என்று வாதாடியவர்கள் நெடுநாள் வாதாடினார்கள். உலகத்து உலாவிகள் யூனிகோடையே கொண்டன. அந்த வழக்கு முடிந்துவிட்டது. முடிந்த வழக்கின் விளைவு உன் ‘வள்ளிய’வில் வந்து நிற்கிறது என்பதற்காகத்தான் இந்தப் பழங்கதை.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். நேரங்கள் முழுவதையும் நிரலுக்குள்ளேயே பொதிந்து வைத்திருக்கிறாய். ராதாபுரம் வண்டி பத்து நிமிஷம் தள்ளிப்போடப்பட்டால் உன்னைத் தவிர அதைத் திருத்த ஆளில்லை. நிலையத்தில் தேநீர்க்கடை வைத்திருப்பவர் தம் கைப்பேசியிலிருந்தே அதைத் திருத்த வேண்டுமானால், சர்வரில் ஓடும் ஒரு நிரலும் அதன் பின்னால் ஒரு தரவுத்தளமும் வேண்டும். உனக்கு அடுத்த பாஷை தேவைப்படுவதற்கு அதுவே நியாயமான காரணம். சம்பளத்தைக் காட்டிப் பயிற்சிக்கூடங்கள் ஒட்டும் சுவரொட்டி காரணம் ஆகாது. தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையில் 2011இல் ஜோஹோ மென்பொருள் நிறுவனத்தின் அலுவலகம் வந்த பிறகு, ரயிலேறாமலே இந்தத் தொழிலில் பிழைக்கலாம் என்ற தைரியம் நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு உண்டாகியிருக்கிறது; மெத்த நல்லது. உத்தியோகம் எந்தப் பாஷையைக் கேட்கிறதோ அதை உத்தியோகம் கிடைக்கும் தறுவாயில் படித்துக்கொள்.

இப்போதைக்கு என் அபிப்பிராயம் பி.எச்.பி. நகைக்காதே. 2009இல் வந்த நோட் இருக்கிறதே, ஜாவாஸ்கிரிப்டையே சர்வரிலும் ஓட்டலாமே என்பாய். ஓட்டலாம், ஆனால் இரண்டாவது பாஷை ஒன்று வந்து இடித்தாலன்றி முதல் பாஷையின் விசித்திரங்கள் கண்ணில் படமாட்டா. ரஸ்மஸ் லெர்டார்ஃப் என்பவர் தம் சொந்தப் பக்கத்துக்காகச் செய்துகொண்ட சில்லறைக் கருவிகளாக 1995இல் வெளிவந்த இந்தப் பாஷை, மலிவான வாடகைச் சர்வர்களில் ஏறத்தாழ எங்கும் கிடைக்கிறது. நீ அன்றாடம் புரட்டும் தமிழ் விக்கிப்பீடியாவும் அதில்தான் ஓடுகிறது. எழுத்து விஷயத்தில் அதற்கு ஒரு பழைய காயமும் உண்டு: யூனிகோடை உள்ளுக்குள் முழுதாகக் கொண்டுவரத் தொடங்கிய ஆறாம் பதிப்பு கைகூடாமல் கைவிடப்பட்டு, ஐந்திலிருந்து நேரே ஏழுக்கு 2015இல் தாவினார்கள். காயம் இருப்பதாலேயே உனக்கு அது உகந்த ஆசான். வள்ளியூரின் நீளத்தை ஸ்டர்லென் என்னும் கட்டளையிடம் கேட்டால் 27 என்று பைட்டுகளைச் சொல்லும்; எம்.பி. ஸ்டர்லென் 9 என்னும். இன்டல் நீட்சியில் இருக்கும் கிராஃபீம் ஸ்டர்லென் 5 என்னும். எதை எண்ண வேண்டும் என்பதை நீயே தீர்மானித்துச் சொன்னாலொழிய அந்தப் பாஷையில் ஓர் ஊர்ப்பெயரைக்கூடச் சரியாக நறுக்க முடியாது.

புதிய பயிற்சி எதையும் தேடாமல் இதே பேருந்துப் பக்கத்தை அதில் மறுபடி எழுது. பிறர் தட்டச்சிடுவதை ஒருபோதும் நம்பாதே. வந்ததை வந்தபடியே தரவுத்தளக் கட்டளைக்குள் ஒட்டாதே.

இத்தனை திட்டிய பிறகு ஒன்றை மறைப்பது அதர்மம். எந்த வண்டி ஊருக்குள் வரும், எந்த வண்டி புறவழிச்சாலையோடு போய்விடும் என்று தனியாக ஒரு பத்தி போட்டிருக்கிறாயே, அதைக் கண்டு பிரமித்தேன். இரவில் நாற்கரச் சாலையில் இறக்கிவிடப்பட்டு, குழந்தையும் மூட்டையுமாக ஊருக்குள் நடந்து வரும் பிரயாணியின் துன்பத்தை நினைத்துப் பார்த்தவனுக்கே அந்தப் பத்தி தோன்றும். எந்தப் பாஷையும் அதைக் கற்றுத்தராது. எதை மாற்றினாலும் அதை மாற்றாதே. திருத்திய நிரலை எனக்கு அனுப்பு; இரவு பதினொரு மணிக்கு மேல் ஊருக்குள் வருவதாக நீ குறித்திருக்கும் நாகர்கோவில் வண்டி உண்மையிலேயே உள்ளே வருகிறதா என்பதையும் தேநீர்க்கடையில் விசாரித்து எழுது.