உழைக்கும் பாதங்கள்

திருச்சிராப்பள்ளியிலிருந்து கரூருக்குச் செல்லும் சாலையில், காவிரியின் தென்கரையை ஒட்டி ஜீயபுரம் என்னும் ஊர் இருக்கிறது. அருகில் முக்கொம்பு மேலணை. பேட்டைவாய்த்தலையில் காவிரியை விட்டுப் பிரியும் உய்யக்கொண்டான் வாய்க்கால் அவ்வட்டாரத்து வயல்களுக்கு நீர் வார்த்துக்கொண்டே திருச்சிராப்பள்ளியை நோக்கிச் செல்கிறது. நெல்லும் வாழையும் விளையும் மருத நிலம் அது. அங்குள்ள உழவர் தலைமுறை தலைமுறையாக வெறுங்காலுடனே வயலில் இறங்கினர். முழங்கால் அளவு சேற்றில் செருப்புக்கு வேலை ஏது?

இத்தகைய ஊர்களில் பிறந்த இளைஞர் பலர் இன்று ஆலைகளை நாடிச் செல்கின்றனர். திருச்சிராப்பள்ளியை அடுத்த பொன்மலையில் ரயில்வே தொழிற்சாலை உள்ளது. நாகப்பட்டினத்தில் இருந்த அதனைத் தென்னிந்திய ரயில்வேக் கம்பெனியார் 1928-ஆம் ஆண்டில் இங்கு மாற்றினர். அதற்கும் கிழக்கே, திருவெறும்பூரில், 1960-களில் பாரத மிகுமின் நிறுவனத்தின் கொதிகலன் ஆலை எழுந்தது. அதனைச் சூழ இரும்பை வெட்டியும் வளைத்தும் பற்றவைத்தும் பொருள் செய்யும் பட்டறைகள் பல தோன்றின. அங்கெல்லாம் வெறுங்காலுடன் நிற்க முடியாது. தீப்பொறி பறக்கும்; இரும்புச் சீவல் கிடக்கும்; கைதவறிய தகடு காலில் விழும். ஆகவே தொழிலாளர் பாதுகாப்புக் காலணி அணிகின்றனர்.

அக்காலணியின் முன்புறத்தில், தோலுக்கு அடியில், விரல்களை மூடியவாறு எஃகுக் கவசம் ஒன்று வைக்கப்பட்டிருக்கும். அது 200 ஜூல் ஆற்றலுடைய அடியைத் தாங்க வேண்டும் என்பது தர விதி. இருபது கிலோ எடையுள்ள இரும்பு ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் உண்டாகும் அடி ஏறத்தாழ அவ்வளவே. எத்தனை விரல்களை அக்கவசம் காத்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்! ஆயினும் அதற்கு ஒரு குணம் உண்டு. தோல், அணிய அணியக் காலுக்கு ஏற்பத் தளரும். எஃகு ஒருபோதும் தளராது. காலுக்குப் பொருந்தாத காலணியை வாங்கிவிட்டு, "நாளடைவில் சரியாகிவிடும்" என்று காத்திருப்பவர் ஏமாறுவர்.

புதிதாக வேலையில் சேர்ந்த ஓர் இளைஞனைக் கற்பனை செய்துகொள்வோம். அவன் ஜீயபுரத்தில் விடியற்காலையில் ரயிலேறுகிறான். நாள் முழுவதும் சிமெண்டுத் தரையில் நின்று வேலை செய்கிறான். மூன்றாம் நாள் மாலை அவனால் நேராக நடக்க முடியவில்லை. உடன் வேலை செய்யும் மூத்தவர் ஒருவர் அதனைக் கவனிக்கிறார்.

"தம்பி, காலணியைக் கழற்று, பாதத்தைப் பார்ப்போம்."

"ஒன்றுமில்லை அண்ணே. புதுக் காலணி, இரண்டு நாளில் பழகிவிடும்."

"கால் பழகுவதற்காக வந்த வலியா, காலைக் கெடுப்பதற்காக வந்த வலியா என்று பார்த்துத்தானே சொல்ல வேண்டும்?"

குதிகாலின் பின்புறம் பெரிய கொப்புளம். பெருவிரல் நகத்தின் கீழ் இரத்தம் கட்டிக் கறுத்திருந்தது. மூத்தவர் முதலில் கேட்ட கேள்வி, "இதனை எந்த வேளையில் வாங்கினாய்?" என்பதே. இளைஞனுக்கு அது வியப்பாக இருந்தது. காலணிக்கும் வேளைக்கும் என்ன தொடர்பு?

தொடர்பு உண்டு. நம் ஒரு பாதத்தில் 26 எலும்புகள் உள்ளன. உடலிலுள்ள 206 எலும்புகளில் கால்பங்கு இரண்டு பாதங்களிலேயே அடங்கிவிடுகிறது என்றால், அவ்வுறுப்பின் நுட்பம் விளங்கும். நாம் நடக்கும்போது கெண்டைக்காற் சதை சுருங்கி விரிந்து இரத்தத்தை மேல்நோக்கித் தள்ளுகிறது. ஒரே இடத்தில் அசையாமல் நின்றாலோ அவ்வேலை குன்றுகிறது. நீர் கீழே தங்கிப் பாதம் வீங்குகிறது. நடப்பவனைவிட நிற்பவனுக்குக் கால் மிகுதியாக வலிப்பது இதனாலேயே. காலையில் பொருந்திய காலணி மாலையில் இறுக்குவதும் இதனாலேயே. ஆகவே காலணியை மாலையில் வாங்குதல் நன்று. வேலைக்கு அணியும் காலுறையையே அணிந்துகொண்டு, இரு பாதங்களையும் அளக்க வேண்டும். இரண்டும் ஒரே அளவாய் இருப்பது அரிது. பெரிய பாதத்திற்கே காலணி கொள்ள வேண்டும். எழுந்து நின்றபோது, நீண்ட விரலுக்கும் கவசத்திற்கும் இடையே ஒரு விரல் அகலம் இடம் இருத்தல் வேண்டும்.

அவ்வளவு இடம் இருந்தும் நகம் கறுப்பதுண்டு. அதற்குக் காரணம் கயிற்றைத் தளரக் கட்டுவதுதான். அவசரத்தில் காலை நுழைத்து ஓடுபவரின் பாதம் ஒவ்வோர் அடியிலும் முன்னே வழுக்கி எஃகில் மோதும். கணுக்காலின் முன்புறம் கயிறு இறுகவும், விரற்பக்கம் சற்றுத் தளரவும் கட்டினால் குதிகால் தன் இடத்தில் நிற்கும். புதுக் காலணியை முதல் நாளே பத்து மணி நேரம் அணிவதும் தவறு. வீட்டில் நாளுக்கு ஒன்றிரண்டு மணி நேரம் அணிந்து பழக்குதல் வேண்டும்.

"வலித்தபோது ஏன் சொல்லவில்லை?" என்று மூத்தவர் கேட்டார். "ஆண்பிள்ளை காலுக்காக அழுவதா என்று இருந்துவிட்டேன்" என்றான் இளைஞன். இம்மறுமொழியை நாம் சிரித்து ஒதுக்கிவிடலாகாது. நம் நாட்டில் இவ்வெண்ணத்தால் கெட்ட கால்கள் பல.

வலியின் அருமையை அறிய வேலூருக்குச் செல்ல வேண்டும். பால் பிராண்டு என்னும் அறுவை மருத்துவர் 1914-ஆம் ஆண்டில் நம் கொல்லிமலையில் பிறந்தவர். இங்கிலாந்தில் மருத்துவம் பயின்று, 1946-இல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார். தொழுநோயாளரின் பாதங்கள் புண்பட்டு அழிவதை அவர் கண்டார். அந்நோயில் சதை தானே அழுகி விழுகிறது என்றே அந்நாளில் பலரும் நம்பினர். பிராண்டு கண்ட உண்மை வேறு. நோய் நரம்பைத் தாக்கி உணர்ச்சியைப் போக்கிவிடுகிறது. வலி தெரியாததால் நோயாளி நொண்டுவதில்லை; நடையை மாற்றுவதில்லை; கல்லை எடுப்பதில்லை. ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் அழுத்தம் விழுந்து அவ்விடம் புண்ணாகிறது. அத்தகையோருக்காக மெல்லிய நுண்துளை ரப்பர் வைத்த காலணிகளை அவரும் அவருடன் உழைத்தோரும் செய்வித்தனர். வலியை ஒரு கொடை என்றே அவர் கருதினார்.

நீரிழிவு நோயாளருக்கும் இதே இடர் உண்டு. நாளடைவில் அவர்தம் பாதம் உணர்ச்சி குன்றும். காலணிக்குள் கிடக்கும் சிறு ஆணியும் தெரியாது. அவர்கள் அணியுமுன் காலணியைக் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்த்தல் வேண்டும். இரவில் உள்ளங்காலைக் கண்ணால் பார்த்தல் வேண்டும். கால் ஆணியைப் பிளேடால் சீவும் வழக்கம் எல்லோருக்கும் தீங்கானது. இவர்களுக்கோ காலையே இழக்கச் செய்வது.

கொப்புளத்தைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். ஓரிடம் சூடாகத் தேய்வது போலத் தோன்றும்போதே வேலையை நிறுத்தி, அங்கே ஒட்டுத்துணியை ஒட்டிக்கொண்டால் கொப்புளம் எழாது. எழுந்துவிட்டால் மேல்தோலை உரித்தல் கூடாது. ஈரத்தோல் எளிதில் தேயும். திருச்சிராப்பள்ளியின் சித்திரை வெயிலில் ஆலைக்குள் நிற்பவரின் காலுறை நண்பகலுக்குள் நனைந்துவிடும். முழுப்பருத்திக் காலுறை வேர்வையை உறிஞ்சித் தன்னிடமே வைத்துக்கொள்ளும். ஈரத்தை வெளியேற்றும் கலப்பு நூற் காலுறை ஏற்றது. அது கிடைக்காவிடின் சோற்றுப் பாத்திரத்துடன் இன்னொரு சோடிக் காலுறையையும் எடுத்துச் சென்று, உணவு இடைவேளையில் மாற்றிக்கொள்ளலாம். செலவு சிறிது, பயன் பெரிது.

இவையெல்லாம் தொழிலாளி செய்துகொள்ளக் கூடியவை. ஆனால் பத்து மணி நேரம் உட்காரவே விடாத இடத்தில் நல்ல காலணி மட்டும் என்ன செய்யும்? 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓய்வின்றி வேலை வாங்கலாகாது என்றும், நின்று வேலை செய்வோர் வாய்த்தபோது அமர்வதற்கு இருக்கை வேண்டும் என்றும் விதித்தது. துணிக்கடையிலும் நகைக்கடையிலும் நாள் முழுவதும் நின்ற பெண்கள் அவ்வுரிமைக்கு நெடுங்காலம் காத்திருந்தனர். 2021-ஆம் ஆண்டில்தான் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் அவர்களுக்கும் இருக்கை தரவேண்டும் எனச் சட்டம் திருத்தியது. அடுத்த முறை கடைக்குச் செல்லும்போது அங்கே இருக்கை இருக்கிறதா, அதில் எவரேனும் அமர்ந்திருக்கின்றனரா என்று பார்த்து வாருங்கள்.

நம் இளைஞனிடம் திரும்புவோம். அவன் ஓர் அளவு பெரிய காலணிக்கு மாறினான், கொப்புளம் ஆறிற்று. சில வாரங்கள் சென்றன. ஒருநாள் மாலை, விரலிடுக்கில் தோல் வெளுத்து வெடித்து அரிப்பெடுப்பதைப் பாட்டியிடம் காட்டினான். ஐம்பது ஆண்டுகள் நாற்று நட்ட அம்மூதாட்டி ஒரு பார்வையிலேயே கண்டுகொண்டாள்.

"இது சேற்றுப்புண் அல்லவா? நீதான் சேற்றிலேயே இறங்குவதில்லையே!"

அவள் சொன்னது சரியே. விரலிடுக்கு ஓயாமல் ஈரமாயிருந்தால் பூஞ்சை பற்றும். அவ்வீரம் வயல்நீரா வேர்வையா என்று பூஞ்சை பார்ப்பதில்லை. மருத்துவர் களிம்பு தந்தார். விரலிடுக்கை நன்றாகத் துடைத்து உலர்த்தச் சொன்னார். ஒரே காலணியை நாள்தோறும் அணியாமல் இரண்டை மாற்றி மாற்றி அணியச் சொன்னார். இரண்டாவது சோடியை அடுத்த மாதச் சம்பளத்தில்தான் வாங்க இயலும். அதுவரையில், இரவுதோறும் பாட்டி பழைய செய்தித்தாளைக் கசக்கி அக்காலணிகளுக்குள் திணித்துத் திண்ணையில் காற்றோட்டமாக வைத்தாள். விடியுமுன் எடுத்துப் பார்த்தால் தாள் நனைந்திருக்கும்.