சுகாதார நிலையம் கோரும் விண்ணப்பம்

"எங்கள் ஊருக்கு ஆஸ்பத்திரி வேண்டும்" என்ற ஒற்றை வரியோடு முடியும் விண்ணப்பங்கள் பல. தேவை உண்மையானதே, ஆயினும் ஆதாரமின்றி அது நிறைவேறுவது அரிது.

சமவெளியில் 5,000 பேருக்கும், மலைப்பகுதியில் 3,000 பேருக்கும் ஒரு துணை சுகாதார நிலையம் என்பது அரசின் அளவுகோல். ஆகவே மக்கள்தொகை, அருகிலுள்ள நிலையத்தின் தூரம், குக்கிராமவாரியாகக் கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள் தொகை ஆகியவற்றை முதலில் எழுதுக. நிலத்தின் சர்வே எண்ணையும் கிராம சபைத் தீர்மான நகலையும் இணைத்திடுக.

2023 டிசம்பரில் தாமிரபரணி பெருக்கெடுத்தபோது பாதைகள் பல துண்டிக்கப்பட்டன. அந்நாளில் பிரசவ வேதனையுற்ற பெண் எங்கே செல்வாள்? எனவே வெள்ளம் ஏறாத மேட்டு நிலத்தையே தேர்ந்து, அன்று நீர் நின்ற மட்டத்தையும் குறிப்பிடுக.

அங்கத்தினர்களே! வேண்டுகோளுக்கு வலிமை தருவன எண்ணும் அளவுமே. வரும் கிராம சபையிலேயே கணக்கெடுப்பைத் தொடங்குவோமாக.