நாம் பயன்படுத்தாததற்கு நாம் ஏன் வரி கட்ட வேண்டும்?



சொத்து வரி ரசீது கைக்கு வரும்போதெல்லாம் நம் உறுப்பினர்கள் பலர் கேட்கும் கேள்வி இது: "காலை ஆறு மணிக்குக் கடை திறந்தால் இரவு பத்து மணிக்குத்தான் அடைக்கிறோம். நூலகத்தின் பக்கமே போனதில்லை. பிறகு எதற்கு நூலக வரி?" பிள்ளைகளைத் தனியார் பள்ளியில் சேர்த்தவர்கள் கல்வி வரியைப் பற்றி இதையே கேட்கிறார்கள். காசைக் கணக்குப் பார்த்துச் செலவிடும் வணிகர் இப்படிக் கேட்பது இயல்புதான். அதனால் இதைச் சற்று ஆராய்ந்து பார்ப்போம்.

வரி வேறு, கட்டணம் வேறு

ஒருவருக்குச் செய்யப்படும் குறிப்பிட்ட பணிக்காக அவரிடம் வாங்குவது கட்டணம். தொழில் உரிமக் கட்டணம், குடிநீர்க் கட்டணம் முதலியவை இந்த வகை. ஊர்ப் பொதுவுக்காக எல்லோரிடமும் வாங்குவது வரி. கட்டுகிறவருக்கு நேரடிப் பலன் உண்டா என்ற பேச்சு அதில் இல்லை.

1954-ல் சிரூர் மடம் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த வேறுபாட்டைத் தெளிவாக எடுத்துரைத்தது. அந்த வழக்கு அன்றைய சென்னை மாநிலத்தின் அறநிலையச் சட்டத்தை ஒட்டி எழுந்ததாகும். கட்டணமும் அதற்குரிய பணியும் ரூபாய்க்கு ரூபாய் ஒத்துப்போக வேண்டியதில்லை என்று பிற்காலத் தீர்ப்புகள் தளர்த்தின. ஆனால் அடிப்படை வேறுபாடு மாறவில்லை. ஆக, "எனக்கு என்ன செய்தீர்கள்?" என்பது கட்டணத்துக்குரிய கேள்வி. "ஊருக்கு என்ன செய்தீர்கள்?" என்பதே வரிக்குரிய கேள்வி.

நூலக வரி வந்த வழி

விடுதலைக்குப் பின் இந்தியாவில் வந்த முதல் பொது நூலகச் சட்டம் நம்முடையது. நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதனின் நெடுநாள் முயற்சியால், அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது, 1948-ல் அது நிறைவேறியது. 1950-ல் நடைமுறைக்கு வந்தது. சென்னை கன்னிமாரா நூலகம் மாநில மைய நூலகமானதும் அந்த ஆண்டில்தான்.

நூலகங்கள் ஆண்டுதோறும் அரசின் தயவை எதிர்பார்த்து நிற்கக் கூடாது என்பதற்காகவே சொத்து வரியோடு சேர்த்து ஒரு சிறு வரியை இச்சட்டம் வைத்தது. இப்போது அது ரூபாய்க்கு 10 பைசா. அரையாண்டுச் சொத்து வரி ரூ.3,000 என்றால் நூலக வரி ரூ.300. உள்ளாட்சி அமைப்பு வசூலித்து நூலக ஆணைக்குழுவிடம் ஒப்படைக்க வேண்டும்.

மகமை காட்டிய வழி

இதெல்லாம் நமக்குப் புதியதன்று. வரவு மூட்டைக்கு இவ்வளவு, விற்பனைக்கு இவ்வளவு என்று வணிகர்கள் தாமாகவே மகமை எடுத்துவைத்த ஊர்கள் தமிழகத்தில் பல உண்டு. விருதுநகர், சிவகாசி வட்டாரத்தில் மகமைப் பணத்தில் பள்ளிகளே நடந்தன. காமராசர் படித்த விருதுநகர் சத்திரிய வித்தியாசாலைக்கு வீடுதோறும் பிடி அரிசியும் திரட்டினார்கள். பிள்ளை இல்லாத வணிகரும் மகமை கொடுத்தார். "என் வீட்டில் படிக்க யாரும் இல்லை" என்று ஒவ்வொருவரும் ஒதுங்கியிருந்தால் அந்தப் பள்ளிகள் எழுந்திருக்குமா? மகமை நாமே விதித்துக்கொண்டது, நூலக வரி சட்டம் விதிப்பது. இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே.

கணக்கைத் திருப்பிப் பார்த்தால்

பயன்படுத்துகிறவர் மட்டுமே கட்டட்டும் என்று வைத்துக்கொள்வோம். கடைவீதிச் சாக்கடையை யார் பயன்படுத்துகிறார்கள்? சந்தை முடிந்தபின் குவியும் காய்கறிக் கழிவையும் அட்டைப் பெட்டிகளையும் அள்ளுவது யாருக்காக? நாம் பூட்டிச் சென்றபின் நம் கடை வாசலில் விடிய விடிய எரியும் தெருவிளக்கு யாருக்குக் காவல்? ஊர்க் கோடியில் வீடு கட்டிக்கொண்டு, மாதம் ஒருமுறை மட்டும் கடைவீதிக்கு வருபவரும் இவற்றுக்குப் பங்கு கொடுக்கிறார். அவர் தம் பங்கை நிறுத்தினால் நம் பாடு என்ன ஆகும்?

நூலகத்தின் பலனும் நம் வாசல்வரை வருகிறது. கடைப்பையனின் தங்கை வேலைத் தேர்வுக்குப் படிப்பது அங்கேதான். விலை கொடுத்துப் புத்தகம் வாங்க அவளுக்கு வழியில்லை. அவளுக்கு ஒரு வேலை கிடைத்தால் அந்தக் குடும்பத்தின் மளிகைச் சீட்டும் நீளும். நம் பற்று வரவு நோட்டில் பாக்கியும் குறையும்.

நாம் கேட்க வேண்டியவை

கட்டுவது கடமை என்றால் வாய்மூடி இருக்க வேண்டும் என்று பொருளல்ல. கேட்க வேண்டியவை நிறைய உண்டு.

1. ரசீதில் எது வரி, எது கட்டணம் என்று பிரித்துப் பாருங்கள். கட்டணம் வாங்கிக்கொண்டு பணி செய்யாவிட்டால் எழுத்து மூலம் புகார் கொடுங்கள்.

2. நூலக வரியாக நம் ஊரில் வசூலானது எவ்வளவு, ஆணைக்குழுவிடம் ஒப்படைத்தது எவ்வளவு என்று கேளுங்கள். 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய்க் கட்டணத்தில் கேட்கலாம். தனி நோக்கத்துக்கு வாங்கிய பணம் வேறு செலவில் முடங்கினால் அதுவே நமக்கு உண்மையான நட்டம்.

3. வரி விகிதம் நியாயமா என்று வாதிடுங்கள். 2022-ஆம் ஆண்டுச் சீரமைப்பில், சென்னை நீங்கலான நகரங்களில் 600 சதுர அடிக்கு உட்பட்ட வீடுகளுக்கு 25 சதவீதம் உயர்ந்தபோது வணிகக் கட்டிடங்களுக்கு 100 சதவீதம் உயர்ந்தது. இது பற்றிய முறையீட்டில் வலு உண்டு. ஆனால் அது விகிதம் பற்றிய வழக்கு. "நூலகம் எனக்கு வேண்டாம்" என்ற பேச்சை அதோடு கலந்தால் நம் நியாயமான கோரிக்கையும் எடுபடாது.

4. நூலகம் எந்த நேரத்தில் திறந்திருக்கிறது, கூரை ஒழுகுகிறதா, நாளிதழ் வருகிறதா என்று ஒருமுறை நேரில் சென்று பாருங்கள். பணம் கொடுத்த சரக்கை எடை போட்டுப் பார்க்காமல் நாம் இறக்குவதில்லையே!

வரியை உரிய நாளில் கட்டியவரின் கேள்விக்கு அலுவலகத்தில் மதிப்பு அதிகம். எனவே நம் பங்கைத் தவறாமல் செலுத்துவோம். அந்த ரசீதைக் கையில் வைத்துக்கொண்டே கணக்கும் கேட்போம்.