பெட்டிக்கு முன்னால் வாசித்தவர்கள்

அன்புள்ள தம்பிக்கு,



நம் சபையின் கொயரை நடத்தும் பொறுப்பு உன் கைக்கு வந்திருக்கிறது. கீபோர்டில் உனக்கு நான் சொல்லித்தர ஒன்றுமில்லை. பாமாலை, கீர்த்தனை, இப்போது வரும் புதுப்பாட்டு எதுவானாலும் ஒருமுறை கேட்டால் எந்த ஸ்கேலிலும் வாசித்துவிடுகிறாய். எனக்குக் கவலை வேறு. ஆராதனையில் ஊழியம் செய்கிறவன் தேவனைத் தேடாமலே வருஷக்கணக்கில் அந்த ஊழியத்தைச் செய்துகொண்டிருக்கலாம். சபைக்குத் தெரியாது. சில சமயம் அவனுக்கே தெரியாது. இதை ஆரம்பத்திலேயே உனக்குச் சொல்லிவிட வேண்டும்.

1 நாளாகமம் 13ஆம் அதிகாரத்தை எடுத்து வாசி. சவுலின் காலத்தில் கவனிப்பாரற்றுக் கிடந்த உடன்படிக்கைப் பெட்டியை, கீரியாத்யாரீமிலிருந்து கொண்டுவர தாவீது புறப்படுகிறான். நல்ல எண்ணம், ஜனங்களுக்கும் முழுச் சம்மதம். பெட்டியைப் புது வண்டியில் ஏற்றுகிறார்கள். சுரமண்டலம், தம்புரு, மேளம், கைத்தாளம், பூரிகை எல்லாம் முழங்க, ராஜாவே முழுப் பலத்தோடு ஆடிப்பாடி வருகிறான். கீதோனின் களத்தண்டை மாடுகள் இடறுகின்றன. பெட்டியைப் பிடிக்கக் கை நீட்டிய ஊசா அங்கேயே செத்து விழுகிறான். ஊர்வலம் நின்றுபோகிறது. பெட்டி மூன்று மாதம் ஓபேத்ஏதோமின் வீட்டில் இருந்தது.

என்ன தவறு நடந்தது என்று தாவீதே 15ஆம் அதிகாரத்தில் லேவியரிடம் சொல்கிறான்: நாம் அவரை நியாயமானபடி தேடவில்லை என்று. பெட்டியைக் கோகாத்தின் புத்திரர் தோளில் சுமக்க வேண்டும் என்பது மோசேயின் காலத்திலேயே சொல்லப்பட்டது. வண்டி பெலிஸ்தருடைய வழி. அவர்கள் ஒருமுறை பெட்டியைப் புது வண்டியில் வைத்து அனுப்பினார்கள், அது பத்திரமாக வந்து சேர்ந்தது. முன்பு ஒத்துவந்த வழி இருக்கும்போது ஆண்டவரிடம் கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

நீ கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அன்றைய வாசிப்பில் குறை இருந்ததாக ஒரு வார்த்தையும் இல்லை. லேவியர் பெட்டியைத் தோளில் சுமந்து கொண்டுவந்த இரண்டாம் முறையும் வாத்தியங்கள் இருந்தன; ஏமானும் ஆசாபும் ஏதானும் வெண்கலக் கைத்தாளம் தட்டினார்கள், கெனானியா பாட்டை நடத்தினான். இரண்டு ஊர்வலத்திலும் இசை இருந்தது. முதல் ஊர்வலத்தில் ஆண்டவருடைய சித்தத்தை யாரும் கேட்டிருக்கவில்லை.

உன் இடத்தில் இது எப்படி நடக்கும் தெரியுமா? ஐயா ஜெபிக்கிறார். சபை கண்ணை மூடியிருக்கிறது. நீ ஸ்ட்ரிங்ஸ் டோனில் ஒரு கார்டை மெல்லப் பிடித்துக்கொண்டிருக்கிறாய். உன் கண் டேப்லெட்டில் அடுத்த பாட்டின் ஸ்கேலைத் தேடுகிறது. ஆமென் எப்போது வரும் என்று காது காத்திருக்கிறது. உன் வாசிப்பால் நானூறு பேர் ஜெபத்தில் உருகுகிறார்கள், ஜெபிக்காத ஒரே ஆள் நீ. ஒரு வாரம் இப்படி என்றால் அது வேலையின் நெருக்கடி. வாரத்தில் மற்ற ஆறு நாளும் அவரோடு உனக்குப் பேச்சே இல்லையென்றால்தான் ஆபத்து. பிறகு வேதத்தைத் திறப்பதே பாட்டு தேர்ந்தெடுக்கத்தான் என்றாகும். ஜெபம், நிகழ்ச்சி நன்றாக நடக்க வேண்டும் என்கிற வேண்டுதலாகச் சுருங்கும். உன் வாயில் இருக்கும் பாட்டின் வரி உன் மனசாட்சியைத் தொடாது. மைக் யாருக்கு, தனிப்பாட்டு யாருக்கு என்பது மட்டும் நன்றாகச் சுடும்.

இதிலும் கொடியது, எல்லாம் ஒழுங்காகவே நடப்பது. ஆசா ராஜாவைப் பார். தன் 15ஆம் வருஷத்தில் யூதாவை எருசலேமில் கூட்டி, கர்த்தரைத் தேடுவோம் என்று ஆணையிட்டவன் அவன். 36ஆம் வருஷத்தில் இஸ்ரவேலின் ராஜா பாஷா ராமாவைக் கட்டி வழியை மறித்ததும், ஆலயத்துப் பொக்கிஷத்திலிருந்தே வெள்ளியும் பொன்னும் எடுத்து சீரியா ராஜாவுக்கு அனுப்பினான். திட்டம் பலித்தது, பாஷா ராமாவை விட்டுப் போனான். தேடாமலே காரியம் கைகூடும் என்பதை ஆசா அன்று கற்றுக்கொண்டான். கண்டித்த ஞானதிருஷ்டிக்காரன் அனானியைக் காவலில் போட்டான். 39ஆம் வருஷத்தில் காலில் கடும் வியாதி வந்தபோதும் வைத்தியரோடு நின்றுவிட்டான். (இதைக் காட்டி மருந்து சாப்பிடாதே என்று போதிக்கிறவர்களை நம்பாதே, லூக்காவே வைத்தியன்தான்.) அத்தனை வேதனையிலும் ஆண்டவரிடம் போக அவனுக்கு மனம் வரவில்லை, அதுதான் பயங்கரம்.

ஆனால் வறட்சியையும் அலட்சியத்தையும் ஒன்றாக நினைத்து நீ பயந்துவிடக் கூடாது. ஜெபத்தில் உட்கார்ந்தும் ஒன்றும் தோன்றாத நாட்கள் வரும். 42ஆம் சங்கீதம் கோராகின் புத்திரருடையது, தேவனுக்காக ஏங்கித் தவிக்கிற சங்கீதம். 73இல் ஆசாப், துன்மார்க்கரைப் பார்த்துப் பொறாமைப்பட்டு ஏறக்குறைய சறுக்கிப்போனதை எழுதுகிறான். இவர்கள் எல்லாருமே ஆலயப் பாடகர்கள்தான். தாகத்தோடு தேடுகிறவன் தேடிக்கொண்டுதான் இருக்கிறான். தாகமே இல்லாமல் போனவனுக்காகத்தான் நாம் அழ வேண்டும்.

மாதத்தில் ஒரு ஞாயிறு வாசிப்பை இன்னொரு பிள்ளையிடம் கொடுத்துவிட்டு, உன் வீட்டாரோடு பெஞ்சில் உட்கார். பாட்டுக்காக அல்லாமல் உனக்காக ஒரு சங்கீதத்தைத் தினமும் வாசி. ஊழியத்துக்குச் சம்பந்தமில்லாத உன் கோபம், ஆசை, கடன், வீட்டுக் கவலை எல்லாவற்றையும் அவரிடம் சொல். ஐயா ஜெபிக்கும்போது கையைக் கீபோர்டிலிருந்து எடுத்துவிடு. பின்னணி இல்லாமலும் சபை ஜெபிக்கும். ஜெபம் நின்றுபோய் மாதங்கள் ஆகிவிட்டதென்றால் மறைக்காமல் ஐயாவிடம் போய்ச் சொல். அவர் உன்னைக் கொயரிலிருந்து தள்ளமாட்டார்.

இப்போது உன்னைப் பாராட்டுகிறவர்கள் நிறைய. கன்வென்ஷன் மேடைகளுக்கும் கூப்பிடுவார்கள். அந்த அழைப்புகளை ஏற்பதற்கு முன்பு முழங்காலில் நின்று அவரிடம் கேள், தம்பி. வேண்டாம் என்று அவர் சொன்னால் போகாதே.

கிறிஸ்துவுக்குள் அன்புள்ள,
உன் அண்ணன்