சித்திரகூடத்துச் சிறுகாக்கை

அன்னமும் கிளியும் குயிலும் கவிகளின் செல்லப் பறவைகள். அவற்றைப் பாடாத புலவர் இல்லை. காக்கைக்கோ கண்டோர் விரும்பும் நிறமும் இல்லை, கேட்டோர் மயங்கும் குரலும் இல்லை. எனினும் தமிழ்ப் பெருமக்களும் வைணவப் பெரியோரும் இதனைப் புறக்கணித்தாரல்லர். மிக நுட்பமான கருத்துகள் சிலவற்றைச் சொல்ல வேண்டிய இடத்தில் அவர்கள் நாடியது இந்தக் கரும்பறவையையே.

சங்க காலத்திலேயே ஒரு புலவருக்குக் காக்கையால் பெயர் அமைந்தது. நச்செள்ளையார் என்னும் அப்பெண்பாற் புலவர் பாடிய குறுந்தொகை 210ஆம் பாடலில், பிரிந்த தலைவன் மீண்டு வந்த மகிழ்ச்சியில் தோழி பேசுகிறாள். விருந்து வருமென்று முன்கூட்டிக் கரைந்த காக்கைக்கு, நள்ளியின் காட்டுப் பசுக்களின் நெய்யில் தொண்டி நகரத்து நெல்லரிசிச் சோற்றைக் கலந்து ஏழு கலங்களில் ஏந்திக் கொடுத்தாலும் அந்தப் பலி சிறிதே என்கிறாள். இப்பாட்டின் சிறப்பால் அவர் காக்கைபாடினியார் என்றே வழங்கப்பெற்றார்.

அதே மரபு திருமங்கையாழ்வாரிடத்தில் பக்தியாகக் கனிகிறது. பெரிய திருமொழியின் பத்தாம் பத்தில் தலைவி நிலை எய்திய ஆழ்வார், செம்போத்தையும் குயிலையும் கிளியையும் பல்லியையும் கூட வேண்டுகிறார். காக்கையைப் பிள்ளையே என்று கொஞ்சி அழைத்து, முகில்வண்ணன் வரும்படி கரையச் சொல்கிறார். வாயிலில் கரையும் காக்கையை விரட்டுவோர், பரகாலநாயகி அதன் முன் நின்ற நிலையைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம்.

ஆயினும் வைணவ உலகில் காக்கைக்கு நிலைத்த இடத்தைத் தந்தது சித்திரகூடத்து நிகழ்ச்சியே. வான்மீகி பகவான் இதனை அயோத்தியா காண்டத்திலேயே விரித்துரைத்திருக்கலாம். அவரோ சுந்தர காண்டம் வரை அடக்கி வைத்திருந்து, 38ஆம் சர்க்கத்தில் பிராட்டியின் திருவாயாலேயே வெளியிடுகிறார். அசோகவனத்தில் திருவடியாகிய அனுமன், பெருமாள் நம்பத்தக்க அடையாளம் ஒன்றை வேண்டி நிற்கிறான். இருவர் மட்டுமே அறிந்த செய்திதானே அடையாளமாக முடியும்! அப்போது பிராட்டிக்கு நினைவில் எழுந்தது இந்தக் காக்கையே.

இறைச்சியில் ஆசை கொண்டு வந்த காக்கையைப் பிராட்டி மண்ணாங்கட்டியால் எறிந்து விரட்டினாள். அது போவதாயில்லை. அவள் சினத்தையும் தவிப்பையும் கண்டு பெருமாள் நகைத்தார். பின்னர் அவர் அவள் மடியில் கண்வளர்ந்தபோது, காக்கை மீண்டும் வந்து அவள் திருமார்பைக் கீறியது. குருதித் துளிகள் தம்மேல் விழ விழித்தெழுந்த பெருமாள், சீறும் ஐந்தலை நாகத்தோடு விளையாடத் துணிந்தவன் யார் என்று வினவினார். வந்தது வெறும் பறவையன்று. இந்திரன் மகன் எனப்பட்டவன். தாம் கிடந்த பாயிலிருந்து தருப்பைப் புல்லொன்றை எடுத்துப் பிரம்மாஸ்திரமாக மந்திரித்து எறிந்தார் பெருமாள்.

கம்பநாட்டாழ்வார் இந்த இடத்தில் ஒரு சிறு மாறுதல் செய்கிறார். சூடாமணிப் படலத்தில் பிராட்டி கூறும் புல், கல்லின் அருகே முளைத்த புல். கைக்கு எட்டிய எளிய பொருளே படைக்கலமாயிற்று என்பது இரண்டிடத்தும் ஒன்றே. அடுத்து அவர் பிராட்டியின் கிளியைப் பற்றிய செய்தியையும் அடையாளமாக வைக்கிறார். அதற்கு என்ன பெயரிடலாம் என்று அவள் கேட்க, தம் அன்னை கைகேயியின் பெயரை இடச் சொன்னாராம் பெருமாள். காக்கையிடம் கொண்ட சினமும் கைகேயியிடம் சினமின்மையும் அருகருகே நிற்பது கம்பர் கவித்திறம்.

பெரியாழ்வார் செய்த மாறுதல் இன்னும் சுவையானது. வான்மீகத்தில் பிராட்டி சொல்லிப் பெருமாளிடம் போக வேண்டிய அடையாளம், பெரியாழ்வார் திருமொழியின் மூன்றாம் பத்து, பத்தாம் திருமொழியில் அனுமன் சொல்லப் பிராட்டி கேட்கும் அடையாளமாகிறது. தூதின் திசையே மாறிவிடுகிறது. ஆழ்வார் அதனைச் சிறுகாக்கை என்கிறார். பெரும் அபராதம் செய்ததைச் சிறு என்ற அடைமொழியால் குறித்தது இரக்கமோ இகழ்ச்சியோ, இரண்டுக்கும் அங்கே இடமுண்டு.

இனி, பூர்வாசாரியர்கள் நெஞ்சைத் தொட்ட வினாவுக்கு வருவோம். அம்பு துரத்தக் காக்கை மூவுலகும் பறந்தது. பெற்ற தந்தை கைவிட்டான். தேவரும் முனிவரும் கைவிட்டனர். போக்கிடமின்றித் திரும்பி வந்து பெருமாள் முன்னே தரையில் விழுந்தது. கொல்லத்தக்கதாயினும் கருணையால் அதனைக் காத்தார் என்கிறார் வான்மீகி. அது விழுந்தது சரணாகதியா, அல்லது சிறகு சோர்ந்த விழுகையா? மனம் திருந்தியதாகக் கூற முடியுமா? அவ்வளவு கூட அதனிடம் தேட வேண்டியதில்லை என்பதே பெரியோர் திருவுள்ளம் போலும்.

பாத்மபுராணம் ஒரு படி மேலே செல்கிறது. தரையில் விழுந்து கிடந்த காக்கையின் தலையைப் பிராட்டியே பெருமாள் திருவடிகளில் சேர்த்தாளாம். எவளைப் புண்படுத்தியதோ அவளே! புருஷகாரம் என்ற சொல்லுக்கு இதைவிடத் தெளிவான சித்திரம் வேறில்லை. பிள்ளை லோகாசாரியர் முமுக்ஷுப்படியில் இந்த ஒரு நிகழ்ச்சியை இராவண வதத்தோடு ஒப்பிட்டுக் காட்டுகிறார். போர்க்களத்தில் வில்லும் இழந்து திகைத்து நின்ற இராவணனும் கதியற்ற நிலையில்தான் நின்றான். பெருமாளும் அன்று போய்ப் பின்னர் வரும்படி விடுத்தார். ஆனால் அருகே பிராட்டி இல்லை. அவள் சந்நிதி இருந்ததால் காக்கை தலை தப்பியது. இல்லாததால் அவன் முடிந்தான். மணவாள மாமுனிகள் இந்நூலுக்கு அருளிய வியாக்கியானத்துடன் இவ்விடத்தைச் சேவிப்பது நலம்.

காக்கை தப்பினாலும் பிரம்மாஸ்திரம் வீணாகலாகாது. ஆகவே அது காக்கையின் வலக்கண்ணைக் கொண்டது. காத்தவர் கண்ணை ஏன் பறிக்க வேண்டும் என்று கேட்போர் உண்டு. உயிருக்கு ஈடாக ஓர் உறுப்பு என்பது தண்டனையின் குறைப்பே. அபராதம் நிகழவேயில்லை என்றாக்காமல், அதன் வடுவோடு வாழவிட்டதில் ஒரு நேர்மையும் இருக்கிறது.

காக்கைக்கு ஒரே கண்மணிதான் உண்டு, அதுவே இருபுறமும் மாறி மாறிச் செல்லும் என்று முன்னோர் நம்பினர். உண்மையில் அதற்கு இரு கண்களும் முழுமையானவையே. பக்கவாட்டில் அமைந்த கண்ணால் கூர்ந்து நோக்கத் தலையைச் சாய்ப்பதே அத்தோற்றத்தைத் தருகிறது. நம்பிக்கை பிழையாயினும் அதிலிருந்து பிறந்த உவமைகள் அழகானவை. திருக்கோவையார் இரண்டு உடலில் ஓருயிர் என்பதற்கு அந்த ஒற்றை மணியை உவமை கூறுகிறது. முன்னும் பின்னும் இயையும் ஒரு சொல்லை வடமொழி உரைகாரர் காகாக்ஷி நியாயம் என்று விளக்குவர். பிராட்டி ஒருத்தியே, சேதனனையும் ஈசுவரனையும் இருபுறமும் நோக்கி இருவரையும் இசைவிக்கிறாள் என்னும்போது, இந்த உவமையே நினைவுக்கு வருகிறது.

குலசேகரப் பெருமாளும் ஒரு பறவையைப் பாடினார். மலைநாட்டு வித்துவக்கோட்டு அம்மானைப் பாடிய திருமொழியில், நடுக்கடலில் எங்கும் கரை காணாது மரக்கலத்தின் கூம்புக்கே திரும்பி வந்து அமரும் பெரும்பறவையோடு தம்மை ஒப்பிடுகிறார். கரை அறியக் கப்பலில் பறவைகளைக் கொண்டு செல்வது பழைய கடலோடிகளின் வழக்கம். அது காக்கை என்று ஆழ்வார் கூறவில்லை. ஆனால் மூவுலகும் திரிந்து மீண்ட சித்திரகூடத்துக் காக்கைக்கும் இதற்கும் உள்ள உறவு மறைவானதன்று. அதைத் துரத்தி வர ஓர் அம்பு இருந்தது. இதன் பின்னே அம்பில்லை. நாற்புறமும் நீர்ப்பரப்பும், நடுவே அந்த ஒரே கூம்பும் மட்டுமே இருந்தன.