வரிக் கல்வியும் கற்போர் மனநிறைவும்

திருமயத்தில் ஒரே குன்றின் பாறையைக் குடைந்து சிவனுக்கும் திருமாலுக்கும் நம் முன்னோர் கோயில்கள் அமைத்தனர். இவ்விரு கோயில்களுக்கிடையே வருவாய்ப் பங்கீடு பற்றி எழுந்த வழக்கு 1245-ஆம் ஆண்டில் போசளப் படைத்தலைவர் ஒருவரால் தீர்க்கப்பெற்று, கல்லிலும் வெட்டப்பட்டது. வருவாய்க் கணக்கு யாவர்க்கும் விளங்கினால்தான் ஊரில் அமைதி நிலவும் என்னும் பாடத்தை அக்கல்வெட்டு நமக்குப் புகட்டுகிறது.

இந்நாளில் வரியறிவை இணையவழிப் பாடங்கள் வாயிலாகவும் பெறலாம். மத்திய அரசு 2017-ஆம் ஆண்டில் தொடங்கிய ‘சுவயம்’ தளத்தில் வருமான வரி, சரக்கு மற்றும் சேவை வரி ஆகியவை பற்றிய பாடங்கள் இடம்பெற்று வந்துள்ளன. வீட்டிலிருந்தே ஓய்வு நேரத்தில் கற்கலாம் என்பது இம்முறையின் சிறப்பு. ஆயினும், கற்றவர் மனநிறைவு அடைந்தாரா என்பதே நாம் ஆராயத்தக்கது. சான்றிதழ் பெறுவது மட்டும் நிறைவாகாது.

நிறைவுக்கு மூன்று வேண்டும். முதலாவது, பாடம் தாய்மொழியில் அமைதல். இரண்டாவது, அது வாழ்க்கையோடு பொருந்துதல். தம் நிலத்தில் விளைந்த நெல்லை விற்ற வருவாய்க்கு மத்திய வருமான வரி இல்லை. ஆனால் பால் பண்ணை வருவாய் வேளாண் வருமானமாகக் கருதப்படுவதில்லை. தொழில் வரி ஒருவருக்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேற்படலாகாது என்பது அரசியலமைப்பின் விதி. இத்தகைய செய்திகளைக் கற்கும் உழவர், ‘இது எனக்குரிய பாடம்’ என்று ஆர்வம் கொள்வார். மூன்றாவது, எழும் ஐயத்தை உடனுக்குடன் தீர்ப்பார் ஒருவர் இருத்தல். திரையினிடம் கேள்வி கேட்டு விடை பெறாதவர் பாதியிலேயே நின்றுவிடுவது இயல்பு.

1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் நடைபெற்ற அறிவொளி இயக்கத்தை இங்கு நினைவுகூர்தல் தகும். மாலையில் அண்டை அயலார் ஒன்றுகூடிக் கற்றதால், எழுத்தறியாதிருந்த பெண்கள் எழுத்தோடு மிதிவண்டி ஓட்டவும் கற்றனர். அவ்வாறே வரிப் பாடத்தையும் நூலகத்திலோ ஊராட்சி அலுவலகத்திலோ பலர் கூடியிருந்து கண்டு, பின்னர் கலந்து பேசலாம்.

தமிழக ஊராட்சிகளின் வரிகளை இணையவழியே செலுத்தும் வசதி 2023-ஆம் ஆண்டில் ஏற்பட்டது. பொத்தானை அழுத்தத் தெரிந்தால் மட்டும் போதாது. எவ்வரி, எதன்பொருட்டு என்பதும் தெரிதல் வேண்டும். அறியாதவர் செலுத்த வேண்டியதை நிலுவையாக விடுவார். வேண்டாததைச் செலுத்தியும் ஏமாறுவார். முன்னதால் ஊரின் குடிநீர்ப் பணியும் தெருவிளக்கும் குன்றும். பின்னதால் குடும்பம் நலியும்.

ஆதலின், பாடம் முடிந்ததும் ஒருவர் தம் வீட்டு வரி ரசீதைத் தாமே படித்து, அயலாருக்கும் விளக்கிப் பார்ப்பாராக. அவ்வாறு விளக்க இயலுமாயின், அதுவே உண்மையான மனநிறைவாகும்.